சின்ன ரூமில் மிஸ்டர் பூத்

— கதவுக்குப் பின்னாடி கோட்டு மாட்டற இடத்தையும் சேர்த்துத்தானே அளந்தே, கண்ணு? அதை விட்டுட்டு அளந்தா எப்படி?

— எல்லாம் சேர்த்துத்தான் அளந்தேன், மேடம். ரெண்டு தடவை அளந்தாச்சு.

— மூணாவது தடவையும் அளந்து பாரேன். இந்தக் குளிர்ல சுவரெல்லாம் சுருங்கியிருக்கும்.

— சுவர் சுருங்காதுங்க, மிஸ் ஓல்ட்ராய்ட்.

— இந்த வீட்டுச் சுவர் சுருங்கும். ஜனவரியில வந்து பாரு, தெரியும். சரி, உட்காரு. டீ ஆறுது. உன் பேர் என்ன சொன்னே?

— நதீம் அக்தர். கவுன்சில்ல, வாடகை வீட்டு லைசன்ஸ் பிரிவு.

— அக்தரா? மார்க்கெட்டுக்குப் பின்னாடி துணிக்கடை வச்சிருந்தாரே ஒரு அக்தர், அவருக்கு நீ என்ன வேணும்?

— எங்க பெரியப்பாங்க.

— அப்படிச் சொல்லு. இந்த ஜன்னல் திரை அவர் கடையில வாங்கினதுதான். இன்னும் சாயம் போகலை. உன் பெரியப்பா கையைத் தாராளமா நீட்டித் துணி அளப்பாரு. நீ என்னடான்னா ரூமை இவ்வளவு கஞ்சத்தனமா அளக்கறே.

— அளக்கறது நான் இல்லைங்க, இந்த மெஷின். சிவப்புப் புள்ளி எங்க போய் விழுதோ, அதுவரைக்கும்தான் கணக்கு.

— மெஷின் சொல்லிச்சுன்னு ஒரு மனுஷனைத் தெருவுல நிறுத்தப் போறியா?

— யாரையும் தெருவுல நிறுத்த நான் வரலை, மேடம். முதல்லேருந்து சொல்றேன், சரிங்களா?

— சொல்லு. ஆனா மெதுவாச் சொல்லு. மாடியில மாரெக் தூங்கறான். ராத்திரி பூரா பேக்கரியில வேலை பார்த்துட்டு வந்திருக்கான், பாவம்.

— சரிங்க. வீட்டுச் சொந்தக்காரங்க வீட்லயே குடியிருந்துக்கிட்டு ரூமை வாடகைக்கு விட்டா, ரெண்டு பேர் வரைக்கும் லைசன்ஸ் வேண்டாம். மூணாவது ஆள் வந்துட்டா, போன வசந்தத்துலேருந்து நம்ம ஊர்ல லைசன்ஸ் வாங்கியாகணும். உங்க வீட்ல மூணு பேர் இருக்காங்க. மாரெக் ஒருத்தர். நர்சிங் படிக்கிற அந்தப் பொண்ணு டெம்பி. அப்புறம் சின்ன ரூம்ல மிஸ்டர் பூத்.

— இருந்தா இருக்கட்டும். லைசன்ஸ்தானே, வாங்கிட்டாப் போச்சு. டிவி பார்க்கறதுக்கே லைசன்ஸ் வாங்கறோம், ஆளை வச்சிருக்கறதுக்கு வாங்க மாட்டேனா?

— தாராளமா வாங்கலாம். ஒவ்வொரு ரூமுக்கும் நெருப்பு தாங்கற கதவு மாட்டணும். மாடிப்படியில புகை வந்தா கத்தற மாதிரி கருவி வைக்கணும்.

— என் கையில ரொட்டி கருகினாலே டெம்பி கத்துவா. அது போதாதா?

— போதாதுங்க.

— சரி, மாட்டறேன். என் தங்கச்சி பையன் தச்சன்தான். வேற?

— வேறதான் சிக்கல். லைசன்ஸ் வீட்ல படுக்கற ரூம் இவ்வளவு பெரிசு இருக்கணும்னு ஒரு அளவு இருக்கு. சின்ன ரூம் அந்த அளவுக்கு வரலை.

— ஒரு சாண் குறையுமா?

— அதுக்கும் மேலயே குறையுது. கீழ படிக்கட்டுல ஏறி வர்றவங்க தலை இடிக்காம இருக்க, ரூமுக்குள்ள மேடை மாதிரி ஒண்ணு துருத்திக்கிட்டு நிக்குதே, அதைத் தரையாக் கணக்குல எடுத்துக்க முடியாது.

— ஏன் முடியாது? அவர் அதுமேலதான் காலை நீட்டிப் படுக்கறாரு. ஏழு வருஷமா அவர் கால் அங்கதான் இருக்கு.

— கால் இருக்கலாம், மேடம். கணக்குல வராது.

— இரு, அவரையே கூப்பிடறேன். மிஸ்டர் பூத். மிஸ்டர் பூத், தோட்டத்துலயா இருக்கீங்க? கொஞ்சம் உள்ள வாங்க. பூட்ஸை வெளியவே கழட்டிடுங்க, காலையிலதான் தரை துடைச்சேன்.

— வந்துட்டேன்.

— இவர்தான் டெரிக் பூத். சின்ன ரூம்காரர். தபால்காரரா இருந்து ரிட்டையர் ஆனவர். மிஸ்டர் பூத், கவுன்சில்லேருந்து வந்திருக்கற இந்தத் தம்பி உங்க காலைக் கணக்குல சேர்த்துக்க மாட்டேங்கறாரு.

— எந்தக் காலை?

— ரெண்டையும்தான்.

— பரவாயில்லை. மீதி இருக்கறதையாவது சேர்த்துக்குவாரா?

— மிஸ்டர் பூத், வருத்தமா இருக்குங்க. லைசன்ஸ் வாங்கினாலும் அந்த ரூம்ல யாரையும் படுக்க வைக்கக் கூடாது. லைசன்ஸ் வாங்கலைன்னா மூணு பேர்ல ஒருத்தர் போயாகணும். எப்படிப் பார்த்தாலும் அந்த ரூம்...

— புரியுது தம்பி. அதான் நானும் நினைச்சேன்.

— என்னத்தை நினைச்சீங்க? அவர் பாட்டுக்குச் சொல்றாரு, நீங்க பாட்டுக்குத் தலையாட்டறீங்க. நதீம் கண்ணு, இதெல்லாம் யார் வேலைன்னு எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டு சைக்ஸ்தானே உங்களுக்குப் போன் போட்டா?

— யார் சொன்னாங்கன்னு நான் சொல்லக் கூடாதுங்க.

— நீ சொல்ல வேண்டாம், டீயைக் குடி. உன் மூஞ்சியே சொல்லுது.

— என் மூஞ்சிக்கும் தெரியாதுங்க. பேர் சொல்லாம ஒரு போன் வந்துச்சு. சின்ன ரூமை முதல்ல அளங்கன்னு சொன்னாங்களாம். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

— பார்த்தியா. அவளேதான். போன குளிர்காலத்துல அவ வீட்டுக் குழாய் வெடிச்சப்ப ஒரு வாரம் எங்க வீட்டு மாடிக்கு வந்து குளிச்சிட்டுப் போனா. சின்ன ரூமைத் தாண்டித்தான் குளியலறைக்குப் போகணும். போற வர்றப்பல்லாம் எட்டிப் பார்த்திருக்கா. என் துண்டால தலை துவட்டிட்டு என் வீட்டையே காட்டிக் குடுத்திருக்கா.

— அந்தம்மா அப்படிச் செய்யறவங்க இல்லை.

— உங்களுக்கு எல்லாரும் நல்லவங்கதான், மிஸ்டர் பூத். நாய் கடிச்சாக்கூட, பாவம் அதுக்குப் பசின்னு சொல்ற ஆளு நீங்க.

— தபால்காரனை நாய் கடிக்கறது சகஜம். பரவாயில்லை.

— மேடம், ஒரு யோசனை. மாரெக்கோ டெம்பியோ வேற இடம் பார்த்துக்கிட்டா, மிஸ்டர் பூத் இருந்துக்கலாம். ரெண்டு பேர்னா லைசன்ஸே வேண்டாம். ரூமை அளக்கவும் வேண்டாம்.

— டெம்பிக்குக் கோடையில கடைசிப் பரீட்சை. ஆஸ்பத்திரிக்கு நடந்து போற தூரத்துல இதைவிட்டா அவளுக்கு இடம் ஏது? மாரெக் போலந்துலேருந்து பொண்டாட்டியைக் கூட்டிட்டு வரணும்னு வாயைக் கட்டி வயித்தைக் கட்டிச் சேர்த்துக்கிட்டு இருக்கான். யாரைப் பார்த்துப் போன்னு சொல்ல?

— யாரையும் சொல்ல வேண்டாம். நான் போயிடறேன்.

— நீங்க எங்க போவீங்க?

— ஸ்கார்பரோவுக்கு. தங்கச்சி வீட்டுப் பின்னாடி ஒரு கேரவன் சும்மாதான் நிக்குது. அவகிட்டப் பேசிட்டேன்.

— எப்பப் பேசினீங்க?

— போன வாரம்.

— கவுன்சில் கடிதம் வந்ததே இந்தத் திங்கக்கிழமைதான். அதுக்குள்ள எதுக்குப் பேசினீங்க?

— சும்மா பேச்சுவாக்குல.

— பேச்சுவாக்குல. கடல் காத்துல, தகர டப்பாவுக்குள்ள, உங்க நெஞ்சை வச்சுக்கிட்டு. இந்த மேட்டுத் தெரு ஏறி வரதுக்குள்ள ரெண்டு இடத்துல நின்னு மூச்சு வாங்கறீங்க. அங்க போனா வசந்தம் வரைக்கும் தாங்குவீங்களா? நதீம், நீயே சொல்லு, இந்த ஆள் கேரவன்ல போய்க் கிடக்கற ஆளா?

— அதை நான் சொல்ல முடியாதுங்க, மேடம்.

— உனக்கு எதைத்தான் சொல்ல முடியும்?

— அவனை ஏன் கோவிக்கறீங்க. தம்பி, நான் ஒண்ணு கேக்கலாமா?

— கேளுங்க, மிஸ்டர் பூத்.

— நீங்க அனுப்பின கடிதத்துல, தனித்தனிக் குடும்பமா இருக்கறவங்கன்னு போட்டிருந்துச்சு. குடும்பம்னா என்னன்னு சட்டம் சொல்லுது?

— நல்ல கேள்வி. அதையும் சொல்லு. ஏன்னா நாங்க ஒரே குடும்பம்தான், நதீம். எழுதிக்கோ. ஞாயித்துக்கிழமை மத்தியானம் நாலு பேரும் இந்த மேஜையிலதான் சாப்பிடறோம். மாட்டுக்கறி வறுவல், யார்க்ஷையர் புட்டிங், கேரட். புட்டிங் யாருக்குப் பெரிசுன்னு மாரெக்கும் டெம்பியும் அடிச்சுக்குவாங்க. இது குடும்பம் இல்லாம வேற என்ன?

— சேர்ந்து சாப்பிட்டா மட்டும் குடும்பம் ஆகாதுங்க. ரத்த உறவா இருக்கணும். இல்லைன்னா கல்யாணம் ஆகியிருக்கணும். பெத்த பிள்ளை, வளர்ப்புப் பிள்ளை, அண்ணன் தங்கச்சி, மாமா அத்தை, சித்தப்பா பெரியப்பா பிள்ளைங்க, இவங்கல்லாம் வந்துடுவாங்க.

— சித்தப்பா பிள்ளை கூடவா?

— ஆமாங்க.

— என் சித்தப்பா மகன் டெனிஸ்னு ஒருத்தன் இருக்கான். என் அம்மா சாவுக்கே வரலை. பெட்டியைத் தூக்கிட்டு நாளைக்கு வாசல்ல வந்து நின்னா அவன் என் குடும்பமா?

— சட்டப்படி, ஆமாங்க.

— எனக்கு நிமோனியா வந்தப்ப ராத்திரியெல்லாம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மனுஷன் குடும்பம் இல்லை?

— யாருங்க உட்கார்ந்திருந்தது?

— யாரோ. இப்ப அதுவா முக்கியம்?

— நான்தான் தம்பி. டெம்பிக்கு அன்னைக்கு ராத்திரி வேலை. அதான்.

— நீங்க எவ்வளவு நாளா இங்க வாடகைக்கு இருக்கீங்க, மிஸ்டர் பூத்?

— இந்தத் தடவையா, மொத்தமாவா?

— புரியலைங்களே.

— மிஸ்டர் பூத், உங்க டீயைக் குடிங்க.

— மறைக்க என்ன இருக்கு? தம்பி, நான் முன்னாடியும் இந்த வீட்லதான் இருந்தேன். அப்ப பெரிய ரூம்ல.

— மாரெக் இருக்கற ரூமா?

— இல்லை. அவங்க ரூம்ல.

— அவங்க ரூம்லன்னா?

— அட, கல்யாணம் பண்ணிக்கிட்டிருந்தோம், கண்ணு. இப்பப் புரியுதா? இந்த மனுஷன் ஒரு காலத்துல என் புருஷன். டீ இன்னும் ஊத்தட்டுமா?

— வேண்டாங்க. நான் சத்தியமா எதிர்பார்க்கலை.

— யாரும் எதிர்பார்க்க மாட்டாங்க. நாங்களே எதிர்பார்க்காமத்தான் பண்ணிக்கிட்டோம்.

— ஏன் பிரிஞ்சீங்கன்னு கேக்கலாமா? லைசன்ஸுக்காக இல்லை, சும்மாத்தான்.

— புறா.

— புறாவா?

— பந்தயப் புறா. பின்கட்டுல கூண்டு கட்டி வச்சிருந்தாரு. பிறந்த நாள்னு ஒண்ணு வரும், கல்யாண நாள்னு ஒண்ணு வரும், அன்னைக்கெல்லாம் இவர் வானத்தைப் பார்த்துக்கிட்டு நிப்பாரு. ஒரு தடவை நான் அடிவயித்துல ஆபரேஷன் முடிஞ்சு ஆஸ்பத்திரி வாசல்ல பையோட நிக்கறேன். இவரைக் காணோம். பிரான்ஸ்லேருந்து ஒரு புறா திரும்பி வரணுமாம், அதுக்காகக் காத்திருக்காரு. நான் பஸ்ல வந்தேன். வந்து இவர் பெட்டியைத் தூக்கிக் கூண்டுக்குள்ள வச்சேன்.

— அது ஜெயிச்சுது.

— என்னது?

— அந்தப் புறா.

— பார்த்தியா நதீம்? இத்தனை வருஷம் கழிச்சும் இதைத்தான் சொல்லத் தோணுது.

— இல்லை ப்ரெண்டா... மிஸ் ஓல்ட்ராய்ட். ஜெயிச்ச அன்னைக்கே எல்லாத்தையும் வித்துட்டேன்னு சொல்ல வந்தேன். இதுவரைக்கும் சொன்னதில்லை.

— ஏன் சொன்னதில்லை?

— நீங்க கேக்கலை.

— அப்புறம் திரும்பி எப்படி வந்தீங்க, மிஸ்டர் பூத்?

— முக்குக் கடை ஜன்னல்ல அட்டை ஒட்டியிருந்துச்சு தம்பி. ரூம் வாடகைக்கு, அமைதியான ஆளா இருக்கணும்னு. அவங்க கையெழுத்து. நான் இருந்த ஃபிளாட்ல ஈரம் ஏறி நெஞ்சு கெட்டுப் போயிருந்துச்சு. வந்து கதவைத் தட்டினேன். ரூம் இன்னும் காலியா இருக்கான்னு கேட்டேன்.

— நான் என்ன செய்ய? மழையில நனைஞ்சு நின்னாரு. காலியாத்தான் இருக்குன்னேன். முன்பணம் கொண்டு வந்திருக்கீங்களான்னு கேட்டேன். கொண்டு வந்திருந்தாரு. உள்ள வாங்க மிஸ்டர் பூத்துன்னேன். அன்னையிலேருந்து அவர் வாடகைக்காரர், நான் வீட்டுக்காரி. ஒரு மரியாதையோட போயிக்கிட்டு இருக்கு.

— தப்பா எடுத்துக்காதீங்க, இதை நான் கேட்டே ஆகணும். சட்டத்துல இருக்கு. கல்யாணம் ஆகலைன்னாலும், புருஷன் பொண்டாட்டி மாதிரி சேர்ந்து வாழ்ந்தா ஒரே குடும்பம்தான். நீங்க ரெண்டு பேரும் இப்ப...

— நதீம் அக்தர், உன் பெரியப்பா உயிரோட இருந்தா இந்தக் கேள்விக்கு உன் காதைத் திருகியிருப்பாரு.

— அப்ப இல்லைன்னு எழுதிக்கட்டுங்களா?

— இல்லைன்னு எழுது. அவர் ரூம் அவருக்கு, என் ரூம் எனக்கு. குளியலறைக் கதவுல தாழ்ப்பாள் இருக்கு.

— ஆமாம்னு சொல்லிட்டா வேலை முடிஞ்சுது, மேடம். ஆனா இல்லாததை நான் எழுத முடியாது.

— இல்லாததை எழுதுன்னு நானும் சொல்லலை. பொய் சொல்லி ஒரு ஆளை வீட்ல வச்சுக்கற அளவுக்கு நான் இன்னும் கீழ போகலை.

— தம்பி.

— சொல்லுங்க, மிஸ்டர் பூத்.

— கோர்ட்டுல என்ன ஆச்சுன்னு அவங்களைக் கேளுங்க.

— அது எதுக்கு இப்ப? என்ன ஆகும், விவாகரத்து ஆச்சு. லீட்ஸ் கோர்ட்டுல. அன்னைக்குச் சரியான மழை, எங்க அக்கா கூட வந்தா, வர்ற வழியில மீனும் சிப்ஸும் சாப்பிட்டோம். போதுமா?

— கேஸ் போட்டது யாருங்க?

— நான்தான். இவருக்குப் புறாவைப் பார்க்கவே நேரம் இல்லை, கேஸ் எங்க போடறது.

— வந்தது முதல் தீர்ப்பா, முடிவான தீர்ப்பா?

— தீர்ப்புன்னா தீர்ப்புதான். அதுல என்ன முதல், முடிவு?

— இல்லைங்க, ரெண்டு உண்டு. எங்க அக்கா கேஸுக்கு நான்தான் அலைஞ்சேன், அதனால நல்லாத் தெரியும். முதல் தீர்ப்புல, பிரியறதுக்குத் தடை இல்லைன்னு மட்டும்தான் சொல்லுவாங்க. அப்புறம் ஆறு வாரம் விடுவாங்க, மனசு மாறினாலும் மாறட்டும்னு. அது முடிஞ்சதும் கேஸ் போட்டவங்க திரும்ப ஒரு தடவை எழுதிக் கேக்கணும். அப்பதான் கல்யாணம் முடிஞ்சு போகும். நீங்க எழுதிக் கேட்டீங்களா, மேடம்?

— கெட்டில் கொதிக்குது.

— கெட்டில் அணைஞ்சு ரொம்ப நேரம் ஆச்சு, ப்ரெண்டா.

— அணைஞ்சா மறுபடி போடறேன்.

— மேடம், எழுதினீங்களா?

— அப்ப வேலை அதிகம். கிறிஸ்துமஸ் வேற வந்துடுச்சு. அம்மாவுக்கு இடுப்பு உடைஞ்சுது. ஒருத்திக்கு எத்தனையைத்தான் ஞாபகம் வச்சுக்க முடியும்?

— அப்ப எழுதலை.

— எழுதலைன்னுதான் நினைக்கறேன்.

— மிஸ்டர் பூத், நீங்க எழுதினீங்களா? எதிர்த்தரப்பும் கேக்கலாம், கொஞ்சம் பொறுத்து.

— நான் எதுவும் எழுதலை. வேணாம்னு சொன்னது நான் இல்லையே.

— வேற கல்யாணம் ஏதாவது...

— யார் பண்ணிக்குவா? என்னைப் பாருங்க.

— அப்படின்னா மேடம், உங்க கல்யாணம் முடியலைங்க. அப்படியே நிக்குது.

— இத்தனை வருஷமாவா?

— இத்தனை வருஷமும்தான். இன்னைக்குக் காலையில நான் கதவைத் தட்டினப்பவும் இவர் உங்க புருஷன்தான்.

— மெதுவாச் சொல்லு. மாரெக் தூங்கறான்.

— கல்யாணம் ஆனவங்க எந்த ரூம்ல படுத்தாலும் சட்டத்துக்கு ஒரே குடும்பம். படிக்கட்டு மேடை மேல காலை நீட்டிப் படுத்தாலும் சரி. அப்ப வாடகைக்கு இருக்கறது மாரெக்கும் டெம்பியும் ரெண்டே பேர். லைசன்ஸ் வேண்டாம். சின்ன ரூம் அளவும் எனக்குத் தேவையில்லை, அழிச்சிடறேன். கோர்ட்டுல ஒரு வார்த்தை கேட்டு உறுதிப்படுத்திக்குவேன், சரிங்களா? அது என் கடமை.

— கேட்டுக்கோ.

— மிஸ்டர் பூத், உங்களுக்குச் சம்மதம்தானா?

— எதுக்கு?

— கணவர்னு எழுதறதுக்கு.

— எழுதுங்க தம்பி. எழுத்து கொஞ்சம் பெரிசாவே இருக்கட்டும்.

— நான் கிளம்பறேன், மேடம். டீ நல்லா இருந்துச்சு. ஆனா லைசன்ஸ் இல்லைன்னாலும் மாடிப்படியில புகைக் கருவி ஒண்ணு மாட்டிடுங்க. அது சட்டத்துக்காக இல்லை, டெம்பி வீட்ல இல்லாத நேரத்துக்காக.

— மாட்டறேன் கண்ணு. வாசக்கதவை இழுத்துச் சாத்து, இல்லைன்னா திறந்துக்கும். உங்க அம்மாகிட்ட நான் கேட்டதாச் சொல்லு.

— உங்களை எங்கம்மாவுக்குத் தெரியாதுங்க.

— திரைச்சீலைன்னு சொல்லு, தெரியும்.

— நல்ல பையன்.

— நல்ல பையன்தான். ஆனா வாய்க்கு வந்ததெல்லாம் கேக்கறான். நீங்க ஏன் நின்னுக்கிட்டே இருக்கீங்க, மிஸ்டர் பூத்? உட்காருங்க.

— ஏன் எழுதலை, ப்ரெண்டா?

— சொன்னேனே, கிறிஸ்துமஸ்.

— கிறிஸ்துமஸ் ஜனவரியில முடிஞ்சு போகும்.

— தபால் தலை இல்லை.

— தபால்காரன் வீட்ல தபால் தலை இல்லையா?

— தபால்காரனைத்தான் வெளிய அனுப்பிட்டேனே.

— ப்ரெண்டா.

— என்ன? என்ன சொல்லணும்கறே? கையில காகிதத்தை எடுப்பேன். இன்னைக்கு எழுதிடணும்னு உட்காருவேன். அப்ப பார்த்துத் தெருமுனையில உன் சைக்கிள் மணி கேக்கும். எடுத்து வச்சுடுவேன். நாளைக்கு எழுதலாம்னு. அப்புறம் அப்படியே போச்சு. போதுமா? உன் மேல கோபம் போகலை, அதையும் தெரிஞ்சுக்கோ. ஆனா எழுத வரலை.

— நீன்னு கூப்பிட்டே.

— கூப்பிட்டா என்ன? சட்டப்படி கூப்பிடலாம்.

— எனக்குத் தெரியும், ப்ரெண்டா. நீ எழுதலைன்னு.

— உனக்கு எப்படித் தெரியும்?

— இந்தத் தெருவுக்குத் தபால் போட்டவன் நான். நீ என்னை வெளிய அனுப்பின அப்புறமும் நான்தான் போட்டேன். காலையில கட்டைப் பிரிச்சதும் முதல்ல உன் வீட்டு நம்பரைத்தான் தேடுவேன். கோர்ட்டுக் கவர் வந்தா எனக்குத் தெரியாமப் போகுமா? கரண்ட் பில் வந்துச்சு. உங்க அக்கா கடிதம் வந்துச்சு. அது மட்டும் வரலை. என் பேருக்கும் வரலை. முதல் மாசம் பயந்துக்கிட்டே தேடினேன். அப்புறம் வரலைன்னு சந்தோஷமாத் தேடினேன்.

— அடப்பாவி. தெரிஞ்சுமா இத்தனை வருஷம் வாயைத் திறக்கலை?

— நீ வேணும்னே எழுதலையா, இல்லை மறந்துட்டியான்னு தெரியலை. மறந்திருந்தா, நானே ஞாபகப்படுத்தின மாதிரி ஆயிடும். நீ அன்னைக்கே எழுதிப் போட்டுடுவே.

— போட்டிருப்பேன்தான்.

— அதான்.

— நீ கேரவனுக்குப் போறேன்னு சொன்னப்ப வெளிய இருந்த உன் பூட்ஸை எடுத்து ஒளிச்சு வச்சுடலாமான்னு தோணுச்சு, டெரிக். அந்தப் பையன் இருந்தானேன்னு காட்டிக்கலை. போயிடாதேன்னு சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்குன்னு நினைச்சேன்.

— உரிமை இருந்துக்கிட்டேதான் இருந்திருக்கு.

— இந்தச் சிரிப்புதான் எனக்குப் பிடிக்காது. புறா வந்து இறங்கினா இப்படித்தான் சிரிப்பே. சரி, கையைக் கழுவிட்டு வா. இஞ்சி கேக் வெட்டறேன்.

— பெரிய துண்டா வெட்டு.

— முதல் துண்டு பக்கத்து வீட்டு சைக்ஸுக்குக் கொண்டு போய்க் குடுக்கணும் போல இருக்கு. அவளைத் திட்டறதா, கும்பிடறதான்னே தெரியலை. அவ மட்டும் அந்தப் போனைப் போடாம இருந்திருந்தா, சாகற வரைக்கும் நான் உன்னை மிஸ்டர் பூத்துன்னுதான் கூப்பிட்டிருப்பேன்.

— அந்தத் துண்டையும் என் தட்டுலயே வச்சுடு, ப்ரெண்டா. போன் போட்டது நான்தான்.